எஃப் 1.5-இல் கண் ஏன் தவறுகிறது? மேனுவல் போர்ட்ரெய்ட் லென்ஸ்களை ஃபோகஸ் செய்யும் முறை

கேள்வி இது: ஹீலியோஸ் 40-2 (85 மிமீ, எஃப் 1.5) லென்ஸை எம்42 (பழைய திருகு மவுன்ட்) அடாப்டர் போட்டு ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். ஷார்ப்பான விளிம்புகளில் கேமரா வண்ணம் பூசிக் காட்டும் பீக்கிங்கின் சிவப்புக் கோடு கண்ணில் தெரியும்போதுதான் ஷட்டரை அழுத்துகிறேன். ஆனாலும் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் பாதிக்கு மேற்பட்ட படங்களில் புருவமோ காதோரமோதான் ஷார்ப்பாக இருக்கிறது. கோளாறு லென்ஸிலா, என் கையிலா? புது லென்ஸ் வாங்கினால் தீருமா?

பெரும்பாலும் இரண்டிலும் இல்லை. பீக்கிங் காட்டியதை அப்படியே நம்பியது முதல் காரணம். ஃபோகஸ் வைத்த நொடிக்கும் ஷட்டர் விழுந்த நொடிக்கும் நடுவில் நீங்களும் எதிரில் இருப்பவரும் அசைந்தது இரண்டாவது காரணம். இந்த இரண்டையும் சரி செய்யாமல் எவ்வளவு விலை கொடுத்துப் புது லென்ஸ் வாங்கினாலும் இதே தவறு தொடரும்.

முதலில் எவ்வளவு இடத்துக்குள் வேலை செய்கிறோம் என்று பார்த்துவிடலாம். 85 மிமீ, எஃப் 1.5, ஆள் 1.5 மீட்டரில். ஃபுல் ஃபிரேமுக்கு வழக்கமாக எடுக்கும் 0.03 மிமீ மங்கல் வட்டத்தை (இதுவரை மங்கினாலும் ஷார்ப் என்றே கொள்ளும் அளவு) வைத்துக் கணக்கிட்டால், ஷார்ப்பாகத் தெரியும் ஆழம் மொத்தமே சுமார் 2.6 செமீ. முன்னால் 1.3, பின்னால் 1.3. அந்த 0.03 மிமீ என்பதும் பிரின்ட் போட்டுக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்த்த காலத்துக் கணக்கு. 24 மெகாபிக்சல் சென்சாரில் ஒரு பிக்சலின் அகலம் 0.006 மிமீ, ஆகவே 0.03 என்பது ஐந்து பிக்சல் அகல மங்கல். நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி இமைமுடியைத் தேடுகிறவருக்கு அது ஷார்ப் கிடையாது. அளவைப் பாதியாக்கி 0.015 என்று வைத்தால் ஆழமும் பாதியாகி 1.3 செமீக்கு வந்துவிடும், அதாவது கண்ணுக்கு முன்னால் ஆறேழு மிமீ, பின்னால் ஆறேழு மிமீ. கருவிழிக்கும் புருவ மேட்டுக்கும் நடுவிலேயே அது தீர்ந்துபோகும்.

இதே லென்ஸில் ஆள் 2 மீட்டருக்குப் போனால் 2.6 செமீ என்பது 4.8 செமீ ஆகிறது. 1 மீட்டருக்கு வந்தால் 1.1 செமீயாகச் சுருங்குகிறது. அரை மீட்டர் பின்னால் நகர்ந்து நின்றாலே ஆழம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது. பழகும் வரை முகத்தை மட்டும் நிரப்பும் படத்தை விட்டுவிட்டு, தலையும் தோளும் வரும் படத்தை எடுங்கள். பின்னணி அப்போதும் கரைந்துதான் போகும்.

இனி பீக்கிங். கேமரா சென்சாரில் வரும் முழுப் படத்தையும் வைத்து பீக்கிங் கணக்கிடுவதில்லை. வியூஃபைண்டருக்குச் சுருக்கி அனுப்பிய படத்தில் எங்கே கான்ட்ராஸ்ட் அதிகமுள்ள விளிம்பு இருக்கிறதோ அங்கே வண்ணம் பூசுகிறது. 23.6 லட்சம் டாட் வியூஃபைண்டர் என்றால் உண்மையில் 1024 x 768 பிக்சல். சென்சாரின் அகலமோ 6000 பிக்சல். ஆக, வியூஃபைண்டரின் ஒரு பிக்சலுக்குள் சென்சாரின் ஆறு பிக்சல் அடங்கிவிடுகிறது. ஐந்தாறு பிக்சல் மங்கல் இருந்தாலும் அந்தச் சிறிய படத்தில் விளிம்பு கூர்மையாகவே தெரியும், பீக்கிங்கும் தாராளமாகச் சிவப்பு பூசும். அதனால் பீக்கிங் காட்டும் பட்டை உண்மையான ஃபோகஸ் ஆழத்தைவிட எப்போதும் தடிமனாக இருக்கும். அந்தப் பட்டைக்குள் எங்கேயோ கண் இருக்கிறது என்பது மட்டும்தான் அது தரும் தகவல்.

இன்னொரு சிக்கல், பீக்கிங்குக்கு முகம் எது, நகை எது என்று தெரியாது. மூக்குத்திக் கல், பொட்டின் விளிம்பு, ஜிமிக்கி, புடவையின் சரிகைக் கரை இவையெல்லாம் மென்மையான கருவிழியைவிட நூறு மடங்கு உரக்கக் கத்தும். மூக்குத்தி கண்ணைவிட முன்னால் இருக்கிறது, ஜிமிக்கி அரைச் சாண் பின்னால் தொங்குகிறது. மணப்பெண்ணின் முகத்தில் எங்கும் சிவப்பு மின்னுகிறது என்று நம்பி எடுத்த படத்தில் மூக்குத்தி மட்டும் ஜொலித்துக் கண் பஞ்சு போல் இருப்பதற்கு இதுதான் காரணம். கண்ணாடி போட்டவர் என்றால் ஃபிரேமின் மேல் விளிம்பு இதே வேலையைச் செய்யும்.

இதனால் பீக்கிங்கை அணைத்துவிட வேண்டியதில்லை. அளவைக் ‘குறைவு’ என்று வையுங்கள், நிறம் சிவப்பு. கூடவே படப் பாணியை மோனோக்ரோமுக்கு மாற்றி, ரா-வில் (சென்சார் தரவை அப்படியே சேமிக்கும் ஃபைல் வகை) பதிவு செய்யுங்கள். வியூஃபைண்டரில் கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் சிவப்பு மட்டும் தனியாகத் தெரியும், ரா ஃபைலில் நிறம் முழுதாக இருக்கும். தோராயமான இடத்துக்கு ரிங்கைக் கொண்டுவர இது போதும். முடிவை எடுக்கப் போதாது.

முடிவை எடுப்பது உருப்பெருக்கத்தில். வேலையில் பாதி இதுதான் என்பதால் படிப்படியாகச் சொல்கிறேன்.

கேமராவில் ஒரு பட்டனை ஃபோகஸ் பெரிதாக்கலுக்கு ஒதுக்குங்கள், கட்டைவிரல் தேடாமல் போய்ச் சேரும் பட்டனாக இருக்கட்டும். பெரிதாக்கும் நேரத்துக்கு வரம்பு வைக்கும் அமைப்பு இருந்தால் ‘வரம்பில்லை’ என்று மாற்றுங்கள். இரண்டு அல்லது ஐந்து நொடியில் தானாக வெளியேறும்படி விட்டால் சரியான நேரத்தில் அது கையை விட்டுப் போகும். பிறகு படத்தை முழுதாக ஃபிரேம் செய்யுங்கள். பெரிதாக்கும் கட்டத்தை ஜாய்ஸ்டிக்கால் கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணின் மேல் நகர்த்திவிட்டுப் பெரிதாக்குங்கள். சோனி ஏ7 வரிசை 24 மெகாபிக்சல் கேமராக்களில் 5.9 மடங்கு, 11.7 மடங்கு என்று இரண்டு நிலை உண்டு. கையில் பிடித்து எடுக்கும்போது 5.9 போதும், ஏனென்றால் சென்சார் பிக்சலும் வியூஃபைண்டர் பிக்சலும் ஏறக்குறைய ஒன்றுக்கு ஒன்றாக வருவது அங்கேதான். 11.7 ட்ரைபாடுக்கு.

ரிங்கை மெதுவாகத் திருப்பிக்கொண்டே ‘இப்போது ஷார்ப், இல்லை இன்னும் கொஞ்சம்’ என்று தேடாதீர்கள். கண் மெதுவான மாற்றத்துக்குப் பழகிவிடும், எங்கே உச்சம் என்று தெரியாது. சட்டென்று ஷார்ப்பான இடத்தைத் தாண்டுங்கள். அதே வேகத்தில் திரும்பி வந்து மறுபக்கமும் தாண்டுங்கள். ஒவ்வொரு முறையும் தூரத்தைப் பாதியாக்குங்கள். மூன்றாவது திருப்பலில் இடம் தானாக விழும். பார்க்க வேண்டியது கண்ணின் வெள்ளைப் பகுதியை அல்ல, கீழ் இமைமுடி தோலில் முளைக்கும் வேரை. அல்லது கருவிழியில் மின்னும் வெளிச்சப் புள்ளியின் ஓரத்தை. மேல் இமைமுடியின் நுனி கருவிழியைவிட ஒரு சென்டிமீட்டர் வரை முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் வைத்தால் கருவிழி போய்விடும்.

அந்த வெளிச்சப் புள்ளி இன்னொன்றும் சொல்லும். அபோக்ரோமாட்டிக் (எல்லா நிறங்களையும் ஒரே இடத்தில் குவிக்கும் வகை) அல்லாத வேகமான, அதாவது அகலமாகத் திறக்கும் லென்ஸ்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும், முழுத் திறப்பில், ஃபோகஸ் தளத்துக்கு முன்னால் இருப்பவற்றின் விளிம்பில் மெஜந்தாவும் பின்னால் இருப்பவற்றின் விளிம்பில் பச்சையும் படியும். பெரிதாக்கிப் பார்க்கும்போது புள்ளியின் ஓரம் மெஜந்தாவாகத் தெரிந்தால் ஃபோகஸ் கண்ணைத் தாண்டிப் பின்னால் போய்விட்டது, அருகே கொண்டுவர வேண்டும். பச்சையாகத் தெரிந்தால் ஃபோகஸ் கண்ணுக்கு முன்னாலேயே நிற்கிறது. நிறமே இல்லாமல் வெள்ளையாக நிற்கும் இடம்தான் இடம். படம் எடுத்தபின் ‘எந்தப் பக்கம் தவறியது’ என்று கண்டுபிடிக்கவும் இதே வழி. இதற்கு மட்டும் மோனோக்ரோமை அணைத்து வண்ணத்தில் பார்க்க வேண்டும். ஜைஸ் ஓட்டஸ் போன்ற லென்ஸ்களில் இந்த நிறப்பிழையை ஏறக்குறைய முழுதாகத் திருத்திவிட்டார்கள், அங்கே இந்த அடையாளம் கிடைக்காது.

ஃபிரேமைக் கலைக்காமல் கட்டத்தைக் கண்ணுக்கு நகர்த்துங்கள் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நடுவில் ஃபோகஸ் வைத்துவிட்டுக் கேமராவைத் திருப்பி ஃபிரேம் செய்தால், ஃபோகஸ் தளமும் கேமராவோடு சேர்ந்து திரும்பும். அது கண்ணுக்குப் பின்னால் போய்விடும். 85 மிமீ லென்ஸில் கேமராவை நிமிர்த்திப் பிடித்து, கண்ணை மேலிருந்து கால் பங்கு இடத்தில் வைக்கிறீர்கள் என்றால் திருப்பல் சுமார் 6 டிகிரி. 1.5 மீட்டர் தூரத்தில் அது 8 மிமீ பிழை. மேலே பார்த்த ஆறேழு மிமீ அதிலேயே போயிற்று. 50 மிமீ எஃப் 1.2 லென்ஸை 1 மீட்டரில் இப்படித் திருப்பினால் பிழை கிட்டத்தட்ட 16 மிமீ, அந்த லென்ஸின் ஆழத்தில் ஒரு பக்கத்துக்குக் கிடைப்பது 14 மிமீக்கும் குறைவு. ஃபோகஸ் வைத்துத் திருப்பும் பழக்கம் எஃப் 2.8-க்கு மேல் சரி, எஃப் 1.4-இல் விட்டுவிடுங்கள். ஹீலியோஸுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: அதன் ஓரங்கள் சுழல்வதும் தளம் வளைவதும் அந்த லென்ஸின் இயல்பு. கண்ணைச் சட்டத்தின் நடு மூன்றில் ஒரு பங்குக்குள் வைத்தால் ஃபோகஸ் சரியாக இருக்கும்போது அது உண்மையிலேயே ஷார்ப்பாக வரும். ஓரத்துக்குத் தள்ளினால் எவ்வளவு சரியாக வைத்தாலும் வராது.

அடுத்தது அசைவு. நின்றுகொண்டிருக்கும் மனிதர் அசையவில்லை என்று நினைத்துக்கொண்டே ஒன்றிரண்டு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் ஆடுவார். கேமரா பிடித்திருப்பவரும் அப்படித்தான். நம்மிடம் இருப்பது 1.3 செமீ. ஆகவே எதிரில் இருப்பவரை உட்கார வையுங்கள், சாய்மானம் உள்ள நாற்காலியில். முதுகுச் சாய்வில்லாத ஸ்டூல் வேண்டாம், அதில் இடுப்பிலிருந்து உடல் முன்னும் பின்னும் ஆடும். நிற்கத்தான் வேண்டும் என்றால் தோளைச் சுவரிலோ தூணிலோ சாய்க்கச் சொல்லுங்கள். நீங்கள் முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒரு காலை முன்னால் வைத்து நில்லுங்கள். ஹீலியோஸ் 40-2 ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள லென்ஸ். இடது உள்ளங்கையில் லென்ஸின் எடையைத் தாங்கிக்கொண்டு கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ரிங்கைத் திருப்புங்கள், வலது கை ஷட்டருக்கு மட்டும்.

ஃபோகஸ் விழுந்ததும் ஒரு நொடிக்குள் எடுத்துவிடுங்கள். பெரிதாக்கிய நிலையிலேயே அழுத்தலாம், முன்பே ஃபிரேம் செய்துவிட்டீர்களே. பாவனை முக்கியம் என்றால் ஷட்டரை அரைவாசி அழுத்தி முழு ஃபிரேமுக்கு வந்து முகத்தைப் பார்த்து எடுங்கள், ஆனால் காத்திருக்காதீர்கள். காத்திருக்க நேர்ந்தால் மறுபடி ஃபோகஸ் வையுங்கள். மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்து, அதற்குள் உடலை மூச்சு விடும் அளவுக்கு மட்டும் முன்னே சாய்த்தால் ஒன்றாவது சரியான இடத்தைக் கடக்கும். ரிங்கைத் தொடாமல் உடலால் கடைசி அரை சென்டிமீட்டரைச் சரிசெய்யும் இந்தப் பழக்கம் கைவந்துவிட்டால் சிறுபிள்ளைகளையும் எடுக்கலாம்.

பாடியில் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் லென்ஸின் ஃபோக்கல் நீளத்தைக் கையால் 85 என்று பதிவு செய்தே ஆக வேண்டும். சிப் இல்லாத லென்ஸின் நீளம் கேமராவுக்குத் தெரியாது. போன முறை மாட்டிய 35 மிமீயோ 135 மிமீயோ நினைவில் இருந்தால் தவறான அளவில் சென்சாரை ஆட்டும். அதனால் வரும் மங்கலைப் பலரும் ஃபோகஸ் பிழை என்றே நினைத்துவிடுகிறார்கள். ஷட்டர் வேகம் 1/250-க்குக் குறைய வேண்டாம். கொளுத்தும் வெயிலில் ஐஎஸ்ஓ 100, எஃப் 1.4 என்றால் ஷட்டர் வேகம் 1/12800 அளவுக்குப் போகும், மெக்கானிக்கல் ஷட்டர் 1/8000-இல் நின்றுவிடும். எட்டில் ஒரு பங்கு ஒளி விடும் என்டி ஃபில்டர் போடுங்கள் அல்லது நிழலுக்கு வாருங்கள். அதிக வேகத்தில் எலக்ட்ரானிக் ஃபர்ஸ்ட் கர்ட்டனையும் (ஷட்டரின் முதல் திரையின் வேலையைச் சென்சாரே செய்யும் அமைப்பு) அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பின்னணி வட்டங்களின் ஒரு பக்கம் வெட்டுப்படும்.

முகத்தைத் திருப்பி வைத்தால் என்ன ஆகும் என்பதையும் கணக்கோடு பார்க்க வேண்டும். இரண்டு கருவிழிகளுக்கும் நடுவே சராசரியாக 6.3 செமீ. முகம் 45 டிகிரி திரும்பினால் தூரத்துக் கண் 4.5 செமீ பின்னால் போகிறது. 30 டிகிரி என்றால் 3 செமீ சொச்சம். 1.5 மீட்டரில் எஃப் 1.5 இரண்டையும் பிடிக்காது, எஃப் 2.8 வைத்தால் சுமார் 4.9 செமீ கிடைக்கும், பிடிக்கும். இரண்டு கண்ணும் வேண்டுமென்றால் அப்பர்ச்சரைக் குறையுங்கள் அல்லது முகத்தை நேராக்குங்கள். ஒரு கண் போதும் என்றால் அது அருகிலுள்ள கண்ணாக இருக்கட்டும்.

அப்பர்ச்சரைக் குறைக்கும்போது பழைய லென்ஸ்களில் இன்னொரு வலை விரிந்திருக்கிறது. ஹீலியோஸ் 40-2, இன்னொரு சோவியத் 85 மிமீ லென்ஸான ஜூபிட்டர்-9 இரண்டும் பிரீசெட் வகை: ஒரு ரிங்கில் எஃப் எண்ணைத் தேர்ந்தெடுத்து, இன்னொரு ரிங்கால் முழுதாகத் திறந்து ஃபோகஸ் வைத்து, பிறகு மூடி எடுப்பது. எஸ்எல்ஆர் வியூஃபைண்டர் இருட்டாகாமல் இருக்கச் செய்த ஏற்பாடு அது. மிரர்லெஸ்ஸில் அப்படிச் செய்யாதீர்கள். கோளப்பிறழ்ச்சி முழுதாகத் திருத்தப்படாத லென்ஸில், ஓரத்துக் கதிர்களும் நடுக் கதிர்களும் ஒரே இடத்தில் குவிவதில்லை. திறந்து ஃபோகஸ் வைத்துவிட்டு மூடினால் ஓரத்துக் கதிர்கள் வெட்டப்பட்டு, ஷார்ப்பான தளம் பின்னால் நகர்ந்துவிடும். எஃப் 2-இலிருந்து எஃப் 4 வரைதான் தொல்லை அதிகம், அதற்கு மேல் ஆழம் வளர்ந்து மூடிவிடும். புருவத்துக்குப் பதில் காதோரம் ஷார்ப்பாக வரும் படங்கள் உங்களிடம் எஃப் 2, 2.8-இல் கூடுதலாக இருந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். எடுக்கப்போகும் அப்பர்ச்சரிலேயே வைத்து ஃபோகஸ் செய்தால் பிரச்சினையே எழாது.

இது பழைய லென்ஸின் நோய் மட்டுமல்ல. ஜைஸ் சி சொனார் 50 மிமீ எஃப் 1.5 இந்த நூற்றாண்டில் வந்த லென்ஸ், பழைய சொனார் லென்ஸ் வடிவமைப்பின் குணம் வேண்டும் என்றே ஃபோகஸ் நகர்வையும் ஏற்றுக்கொண்டு செய்யப்பட்டது.

இப்போது ரிங்கின் கதைக்கு வருவோம், பழையதும் புதியதும் உண்மையில் பிரியும் இடம் இதுதான். 85 மிமீ லென்ஸ் முடிவிலியிலிருந்து 0.8 மீட்டர் வரை வர சுமார் 10 மிமீ முன்னால் நீள வேண்டும். அதை 270 டிகிரி திருப்பலில் பரப்பினால், 1.5 மீட்டரில் ஒரு டிகிரிக்கு ஃபோகஸ் 1 செமீ நகரும். 120 டிகிரியில் அடக்கினால் ஒரு டிகிரிக்கு 2.3 செமீ. 70 மிமீ விட்டமுள்ள ரிங்கில் ஒரு டிகிரி என்பது விரல் நுனியில் 0.6 மிமீ. விரல் அரை மில்லிமீட்டர் நழுவினால் முழு ஆழமும் போய்விடும் லென்ஸையும், அதே நழுவலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் வைக்கும் லென்ஸையும் ஒரே தராசில் வைக்க முடியாது. நிக்கான் 2019-இல் இசட் 58 மிமீ எஃப் 0.95 நாக்ட் லென்ஸை வேண்டுமென்றே மேனுவலாகச் செய்து 350 டிகிரி திருப்பல் கொடுத்ததன் அர்த்தம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. 2 கிலோ எடை, எட்டாத விலை, ஆனால் எஃப் 0.95-இல் கையால் ஃபோகஸ் வைக்க முடிகிறது. இதற்கு நேர்மாறாக, ஆட்டோஃபோகஸ் லென்ஸை மேனுவலில் போட்டுத் திருப்பும்போது குறுகிய திருப்பலும் ரிங்கின் லொடலொடப்பும் சேர்ந்து வேலையைக் கெடுக்கும்.

பழைய லென்ஸின் ஹெலிகாய்டில் (ரிங்கைத் திருப்பும்போது லென்ஸை முன்பின் நகர்த்தும் மரை) கிரீஸ் காய்ந்திருந்தால் ரிங் ஒட்டிக்கொண்டு நின்று, பிறகு துள்ளும். கடைசி மில்லிமீட்டர் கைக்குள் வராது. தேய்ந்திருந்தால் திசை மாற்றும்போது ரிங் கொஞ்ச தூரம் சும்மா சுற்றும், லென்ஸ் நகராது. அப்படிப்பட்ட லென்ஸில் எப்போதும் ஒரே திசையிலிருந்து வந்து நிறுத்துங்கள், உதாரணத்துக்கு தூரத்திலிருந்து அருகே. கிரீஸ் மாற்றக் கழற்றுகிறவர் ஹெலிகாய்டு எந்தப் புள்ளியில் பிரிகிறது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பல தொடக்கங்கள் உள்ள மரை அது, ஒன்று மாற்றி ஏற்றினால் முடிவிலி போய்விடும். ஜூபிட்டர்-9 வாங்கும்போது இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும், சரியாகப் பூட்டாமல் விட்ட பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. கண்ணாடிக் குழுக்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய வளையங்கள் தொலைந்திருந்தால் ஃபோகஸ் எங்கேயும் விழாது.

சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மெல்லிய பூஞ்சையோ புகை படிந்த படலமோ ஷார்ப்னெஸைவிடக் கான்ட்ராஸ்டைத்தான் முதலில் தின்னும். கான்ட்ராஸ்ட் போனால் பீக்கிங் செத்துவிடும், பெரிதாக்கிப் பார்த்தாலும் உச்சம் எங்கே என்று தெரியாது. ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும் பெட்டியில் வையுங்கள்.

அடாப்டர் பற்றிச் சுருக்கமாக. எம்42-இன் ஃபிளேஞ்ச் தூரம் (மவுன்ட்டிலிருந்து சென்சார் வரை) 45.46 மிமீ, சோனி இ மவுன்ட் 18 மிமீ. மீதி 27.46 மிமீயை அடாப்டர் நிரப்ப வேண்டும். முடிவிலி தவறக் கூடாது என்று பெரும்பாலான அடாப்டர்களை ஒரு நூல் குட்டையாகவே செய்கிறார்கள். அதனால் தூர எண்கள் பொய் சொல்லும், பாதகமில்லை. ஆனால் அருகில் ஃபோகஸ் செய்யும்போது உள்ளே ஒரு கண்ணாடிக் குழு தனியாக நகரும் லென்ஸ்களில், நிக்கோர் 85 மிமீ எஃப் 1.4 ஏஐ-எஸ், கேனன் நியூ எஃப்டி 85 மிமீ எஃப் 1.2 எல் போன்றவற்றில், அந்தக் குழு தவறான தூரத்துக்கான இடத்தில் நிற்கும். சரியான தடிமனுள்ள நல்ல அடாப்டர் இவற்றுக்கு அவசியம். லென்ஸைப் பிடித்து மெதுவாகத் திருகிப் பாருங்கள், மவுன்ட்டில் ஆட்டம் இருந்தால் ஒவ்வொரு முறை ரிங்கைத் தொடும்போதும் தளம் சாயும்.

டிஎஸ்எல்ஆரில் இதே லென்ஸைப் போடுகிறவர்களுக்கு நிலைமை இன்னும் கடினம். இன்றைய ஃபோகசிங் ஸ்கிரீன்கள் (வியூஃபைண்டரில் படம் விழும் திரை) மெதுவான, அதாவது குறைவாகத் திறக்கும் ஜூம் லென்ஸுக்கு வெளிச்சமாகத் தெரிய வேண்டும் என்று செய்தவை. அவை ஏறக்குறைய எஃப் 2.5, 2.8-க்கு உரிய ஆழத்தைத்தான் காட்டும். எஃப் 1.4 லென்ஸை மாட்டி டெப்த் பிரிவியூ பட்டனை அழுத்தி எஃப் 2.8-க்குக் குறைத்தாலும் வியூஃபைண்டரில் மாற்றம் தெரியாது. கண்ணுக்கு ஷார்ப்பாகத் தெரிவது சென்சாரில் மங்கலாக விழுவதன் காரணம் இது. கேனன் 5டி மார்க் II, 6டி இரண்டுக்கும் ஈஜி-எஸ் என்ற ஸ்கிரீன் உண்டு, அது உண்மையான ஆழத்தைக் காட்டும், மெனுவிலும் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஃபோகஸ் விழுந்ததும் வியூஃபைண்டரில் எரியும் நிக்கானின் பச்சைப் புள்ளி உதவும், ஆனால் ரிங் கொஞ்ச தூரம் திரும்பும் வரை எரிந்துகொண்டே இருக்கும். எந்தப் பக்கத்திலிருந்து வந்து எரியத் தொடங்கும் நொடியில் நிறுத்தினால் சரியாக வருகிறது என்று பத்துப் படம் எடுத்துப் பார்த்துப் பழகுங்கள். ட்ரைபாடில் என்றால் லைவ் வியூவில் 10 மடங்கு பெரிதாக்கி எடுப்பதை மிஞ்ச எதுவுமில்லை.

ஃபிலிம் கேமராக்களின் ஸ்பிளிட் இமேஜ் ஸ்கிரீன், நிக்கான் எஃப்எம்2-இன் கே2 போல, நல்ல கருவி. கண்ணின் ஓரத்தை இரண்டு பாதியாக வெட்டிக் காட்டி ஒட்ட வைக்கலாம். ஆனால் அது லென்ஸின் ஓரத்துக் கதிர்களைப் பார்ப்பதில்லை. கோளப்பிறழ்ச்சி மிஞ்சியிருக்கும் எஃப் 1.2 லென்ஸில் அதைச் சுற்றியுள்ள மேட் பகுதியையும் சேர்த்துப் பாருங்கள். டயாப்டரை (வியூஃபைண்டரை உங்கள் பார்வைக்கேற்பச் சரிசெய்வது) ஸ்கிரீனில் உள்ள கோடுகள் கூர்மையாகத் தெரியும்படி வைத்துக்கொள்வது இங்கே மிக அவசியம்.

ரேஞ்ச்ஃபைண்டரில் போர்ட்ரெய்ட் எடுப்பது தனிக் கலை. லைக்கா எம்-இன் அடித்தளம் (தூரத்தை அளக்கும் இரண்டு சாளரங்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) 69.25 மிமீ, 0.72 பெருக்க வியூஃபைண்டரில் பயன்படும் நீளம் சுமார் 50 மிமீ. 75 மிமீ எஃப் 1.4 போன்ற லென்ஸுக்கு அது எல்லைக்கு அருகில்தான். 1.25 அல்லது 1.4 மடங்கு உருப்பெருக்கியைத் திருகிக்கொள்வது வீண் செலவல்ல. அளக்கும் கட்டம் நடுவில் மட்டுமே இருப்பதால் திருப்பல் பிழையும் கட்டாயம் வரும். அதை ஈடுகட்ட, ஃபிரேம் செய்தபின் உடலை ஒரு இம்மி பின்னால் சாய்த்து அழுத்தலாம். லைக்கா திருகு மவுன்ட்டில் வரும் சோவியத் ஜூபிட்டர் லென்ஸ்களுக்கு இன்னொரு எச்சரிக்கை: அவற்றின் வடிவமைப்பு லைக்காவுக்கு அல்லாமல் கான்டாக்ஸ் கேமராவின் அளவை ஒட்டி இருப்பதால் முடிவிலி சரியாக இருக்கும்போதே அருகில் ஃபோகஸ் தவறும் பிரதிகள் உண்டு. மிரர்லெஸ்ஸில் போட்டால் அந்தக் கவலை இல்லை.

லென்ஸை மோட்டாரால் முன்பின் நகர்த்தும் அடாப்டர் வைத்து ஆட்டோஃபோகஸ் ஆக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. எண்ணம் பழையதுதான், 1996-இல் வந்த கான்டாக்ஸ் ஏஎக்ஸ் கேமரா ஃபிலிம் தளத்தையே முன்பின் நகர்த்தி மேனுவல் லென்ஸ்களுக்கு ஆட்டோஃபோகஸ் கொடுத்தது. ஒரு கிலோ லென்ஸைத் தூக்கி நகர்த்த இன்றைய சிறிய மோட்டார்கள் திணறும். ஹீலியோஸுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

உங்கள் லென்ஸ் நல்லதா என்று இன்று மாலையே பார்த்துவிடலாம். நாளிதழ் ஒன்றை மேசையில் விரித்து, கேமராவை ட்ரைபாடில் 45 டிகிரி சாய்வில், 1.5 மீட்டரில் வையுங்கள். ஒரு வரியைப் பேனாவால் அடிக்கோடிடுங்கள். ஸ்டெபிலைசேஷனை அணைத்து, இரண்டு நொடி டைமர் வைத்து, எஃப் 1.5-இல் 11.7 மடங்கு பெரிதாக்கி அந்த வரியில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். ரிங்கைக் கலைத்துவிட்டு மறுபடி வையுங்கள், இப்படி ஐந்து படம். ஐந்திலும் அந்த வரி ஷார்ப் என்றால் லென்ஸ் நல்ல லென்ஸ், மேலே சொன்ன வழிகளில் பழக வேண்டியதுதான். ஐந்திலும் எந்த வரியுமே ஷார்ப்பாக இல்லை என்றால் படலமோ தவறான பூட்டலோ இருக்கிறது. பிறகு ரிங்கைத் தொடாமல் எஃப் 2, 2.8, 4 என்று எடுத்துக்கொண்டே போங்கள். ஷார்ப்பான வரி எத்தனை வரி மேலே ஏறுகிறது என்று எண்ணினால் உங்கள் பிரதியின் ஃபோகஸ் நகர்வு கையில் வந்துவிடும்.

நாளிதழ்ச் சோதனையில் லென்ஸ் தேறாவிட்டால் புதியது வாங்குவதில் தவறில்லை. குறைந்த செலவில் வேண்டுமென்றால் சாம்யாங் 85 மிமீ எஃப் 1.4 மேனுவல், 1 மீட்டர் வரை வரும். கூடக் கொஞ்சம் போட முடிந்தால், சோனிக்கு இ மவுன்ட்டிலேயே வரும் ஃபோய்க்ட்லேண்டர் லென்ஸ்கள். ரிங்கைத் தொட்டவுடன் வியூஃபைண்டர் தானாகப் பெரிதாகும், ஃபோக்கல் நீளமும் தானாகப் பதியும். நிக்கான் இசட்டுக்குச் சிப்போடு வரும் மேனுவல் லென்ஸ்களில் ஃபோகஸ் கட்டம் பச்சையாகும் வசதியும் சேரும். பழையதுதான் வேண்டும், ஆனால் தலைவலி வேண்டாம் என்றால் நிக்கோர் 105 மிமீ எஃப் 2.5. 2 மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம், முழுத் திறப்பிலேயே நல்ல கான்ட்ராஸ்ட், நீண்ட மிருதுவான ரிங். கடையில் கையில் எடுத்ததும் ரிங்கை ஒரு விரலால் மட்டும் தள்ளிப் பாருங்கள். துள்ளாமல் நகர வேண்டும், விரலை எடுத்ததும் நிற்க வேண்டும், திசை மாற்றியதும் சும்மா சுற்றாமல் முன்பக்கக் கண்ணாடி அந்த நொடியே நகர வேண்டும்.